பொல்லாருக்கு ஓய்வில்லையா?

ஆங்கிலம் பேசும் நாடுகளில், அலுவல் மிகுந்த ஒருவர் ஒரு வேலையை முடித்து நாற்காலியில் சாயும் வேளையில் அடுத்த வேலை வந்து நின்றால், சிரித்துக்கொண்டே, ‘நோ ரெஸ்ட் ஃபார் த விக்கட்’ என்பார். ‘பொல்லாருக்கு ஓய்வில்லை’ என்பது அதன் நேர்ப்பொருள். சொல்பவர் தம்மைப் பொல்லாதவர் என்று மெய்யாகவே கருதுவதில்லை. கேட்பவரும் அவ்வாறு எடுத்துக்கொள்வதில்லை. ‘என் பாட்டைப் பார்த்தீர்களா’ என்னும் சலிப்பும், தாம் பலருக்கும் வேண்டப்படுகிறவர் என்னும் சிறு பெருமிதமும் கலந்த வேடிக்கைச் சொல் அது. இக்காலத்து ஆங்கில இளைஞர்களோ ‘விக்கட்’ என்பதை ‘மிக அருமை’ என்ற பொருளிலேயே வழங்குகிறார்கள். ஆகவே அச்சொல்லில் எஞ்சியிருந்த சிறிதளவு காரமும் இன்று போய்விட்டது.

இவ்வழக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எசாயா இறைவாக்கினர் நூலிலிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகள் கூறும். அது உண்மையே. ஆனால் அந்நூலைத் திறந்து அவ்விடங்களை வாசிப்பவர் சற்றே திகைப்பார். எசாயா 48ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்திலும், 57ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்திலும் ஏறத்தாழ ஒரே தொடர் இருமுறை வருகிறது. இரண்டிலும் ‘ஓய்வு’ என்ற சொல் இல்லை. அங்கே பொல்லாருக்கு மறுக்கப்படுவது ஓய்வன்று, ‘ஷாலோம்’. அமைதி, சமாதானம் என்று நாம் மொழிபெயர்க்கும் அந்தப் பெரிய சொல். நம்முடைய பழைய தமிழ் விவிலியங்களில் ‘சமாதானம்’ என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘அமைதி’ என்றும் இவ்விடத்தில் காண்கிறோம். அவ்வாறாயின், அமைதி எப்போது ஓய்வாயிற்று? மாறியதால் இழந்தது என்ன? இவை சொல்லாராய்ச்சியில் இன்பம் காண்போர்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல என்பது என் எண்ணம்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். எசாயா நூலின் 48ஆம் அதிகாரம் பாபிலோனில் நாடு கடத்தப்பட்டிருந்த மக்களை நோக்கிப் பேசுகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேம் அழிந்தது, கி.மு. 539இல் பாரசீக அரசன் சைரசு பாபிலோனைக் கைப்பற்றினான்; நாடு திரும்பும் வாயில் திறந்தது. ‘புறப்படுங்கள்’ என்று மகிழ்ச்சியோடு கூவும் அந்த அதிகாரத்தின் முடிவில், எதிர்பாராத இடத்தில், பொல்லாருக்கு அமைதியில்லை என்னும் கண்டனம் வந்து விழுகிறது. 56 முதல் 66 வரையுள்ள அதிகாரங்கள் நாடு திரும்பிய பின்னர் எழுந்தவை என்பது, 1892இல் பெர்னார்டு தூம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விளக்கவுரைக்குப் பின் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆகவே 57ஆம் அதிகாரத்தில் அதே கண்டனம் மீண்டும் ஒலிக்கும்போது, பாபிலோன் பின்னே போய்விட்டது. பொல்லார் என்போர் இப்போது அயல்நாட்டு ஒடுக்குவோர் அல்லர். ஊருக்குள்ளேயே, ஒரே ஆலயத்திற்கு வந்து போகும் மக்களிடையேயே இருக்கிறார்கள்.

அவர்கள் யார்? இங்கு வரும் எபிரேயச் சொல் ‘ராஷா’. இது வெறுமனே தீய குணமுடையவன் என்று பொருள்படும் சொல் அன்று, வழக்குமன்றத்துச் சொல். இரு தரப்பார் நீதிபதி முன் வந்தால் குற்றமற்றவனைக் குற்றமற்றவன் என்றும், குற்றவாளியை ‘ராஷா’ என்றும் தீர்க்க வேண்டும் என்கிறது இணைச் சட்டம் 25ஆம் அதிகாரம். எகிப்தில் இரு எபிரேயர் சண்டையிடக் கண்ட மோசே, ‘ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்டது யாரிடம்? விடுதலைப் பயண நூல் 2ஆம் அதிகாரத்தில், அநியாயமாகக் கையோங்கிய அம்மனிதனைக் குறிக்கும் சொல்லும் இதுவே. ஆகவே ‘ராஷா’ என்றால், பிறனுக்குத் தீங்கு செய்து வழக்கில் தோற்க வேண்டியவன். அவனுக்கு எதிரே தீங்கு பட்டவன் ஒருவன் எப்போதும் நிற்கிறான்.

‘ஷாலோம்’ என்பதும் அப்படியே. முழுமை, குறைவின்மை என்பது அதன் வேர்ப்பொருள். களவு செய்தவன் பொருளை ஈடு செய்து தீர வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் 22ஆம் அதிகாரம் விதிக்கும்போது, ‘ஈடு செய்தல்’ என்பதற்கு வழங்குவது அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல். கணக்குத் தீர்ந்த நிலையே ஷாலோம் என்று சொன்னால் மிகையாகாது. பிறனுடைய பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு ஷாலோம் இல்லை என்பது சாபமே அன்று. ஏறத்தாழ ஒரு கணக்குக் குறிப்பு. தீர்க்கப்படாத கடன் தீர்ந்ததாக எழுத முடியாது, அவ்வளவுதான்.

இனி 57ஆம் அதிகாரத்தை முழுமையாக வாசிக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னிருந்தே தொடங்குவது நன்று. 56ஆம் அதிகாரத்தின் இறுதியில் இறைவாக்கினர் மக்களின் காவலர்களைச் சாடுகிறார். அவர்கள் குரைக்கத் தெரியாத ஊமை நாய்களாம். படுத்துக் கனவு காண்பவர்களாம். தூங்குவதில் பெருவிருப்பம் உள்ளவர்களாம். ஆயர்களும் அறிவற்றவர்களாய்த் தத்தம் ஆதாயத்தையே தேடி, மது கொண்டு வரச் சொல்லி, நாளையும் இன்றுபோலவே இருக்கும் என்று களிக்கிறார்களாம். (ஆயர் என்றும் மேய்ப்பர் என்றும் பெயர் தாங்கிய நாங்கள் இப்பகுதியை விரைந்து கடந்து போவதுதான் வழக்கம்.) கவனியுங்கள்: பொல்லார் நன்றாகத் தூங்குகிறார்கள்! இறைவாக்கினர் அதை அறியாதவர் அல்லர். அவர்களுக்கு ஓய்வில்லை என்று அவர் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 73ஆம் திருப்பாடலை இயற்றியவருக்கும் இதே உறுத்தல்தான். பொல்லார் நோய் நொடியின்றிக் கொழுத்துக் கவலையின்றி வாழ்வதைக் கண்டு அவர் கால் தடுமாறியதை மறைக்கவில்லை.

அடுத்து 57ஆம் அதிகாரம் நேர்மையாளரின் இறப்போடு தொடங்குகிறது. நேர்மையாளர் மடிகின்றனர், எவரும் அதை மனத்தில் கொள்வதில்லை. ஆயினும் அவர்கள் அமைதிக்குள் செல்கின்றனர். தங்கள் படுக்கைகளில் இளைப்பாறுகின்றனர் என்கிறார் இறைவாக்கினர். இங்கேதான் ஓய்வைக் குறிக்கும் எபிரேயச் சொல் வருகிறது. சில வசனங்கள் தள்ளி இன்னொரு படுக்கை: உயர்ந்த மலைமேல் சிலை வழிபாட்டினர் விரித்த படுக்கை. ஒரே அதிகாரத்தில் இரண்டு படுக்கைகள். ஒன்று கல்லறை, மற்றொன்று களியாட்டம். கல்லறைக்கே அமைதி வாக்களிக்கப்படுகிறது.

புனித எரோணிமுஸ் இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தபோது, ‘பாக்ஸ்’, ‘ரெக்குவியெஸ்காத்’ ஆகிய இரு சொற்களும் 2ஆம் வசனத்தில் அடுத்தடுத்து நின்றன. மேலைநாட்டுக் கல்லறைகளில் மூன்று எழுத்துகளாகச் சுருங்கி நிற்கும் ‘அமைதியில் இளைப்பாறுக’ என்னும் வாழ்த்திலும் அவ்விரு சொற்களையே காண்கிறோம். யூதர்கள் இன்றும் அடக்கச் சடங்கில் இறந்தோருக்காகச் சொல்லும் மன்றாட்டு, அவர்கள் தம் படுக்கையில் அமைதியோடு இளைப்பாறுமாறு வேண்டி முடிகிறது. அது இதே வசனத்தின் எதிரொலி. ஆக, ஆங்கிலேயரின் வேடிக்கைச் சொல் பிறந்த அதே அதிகாரத்தின் வாசலில்தான் கல்லறை வாழ்த்தும் நிற்கிறது.

அதிகாரத்தின் முடிவில் கடல் வருகிறது. அருகிலுள்ளோர்க்கும் தொலைவிலுள்ளோர்க்கும் அமைதி என்று கடவுள் இருமுறை அடுக்கிச் சொல்கிறார். எபேசியர் திருமுகம் 2ஆம் அதிகாரத்தில் பவுலடியாரின் பெயரால் எடுத்தாளப்படும் பகுதி அது. உடனே, பொல்லாரோ கொந்தளிக்கும் கடல் போன்றவர்கள். அக்கடல் அடங்கியிருக்க இயலாது. அதன் நீர் சேற்றையும் சகதியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் என்னும் உவமை. அதன் பின்னரே அமைதியில்லை என்ற தீர்ப்பு. ‘அலை ஓய்ந்து கடலாடலாமா?’ என்று கேட்கும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. அலையைப் பற்றி நாமும் ‘ஓய்தல்’ என்ற வினையைத்தான் ஆளுகிறோம்.

மொழிபெயர்ப்புகளின் கதை இங்கே தொடங்குகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் எசாயாவைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர், ஷாலோமுக்கு ‘மகிழ்தல்’ என்று பொருள்படும் ‘கைரெயின்’ என்ற சொல்லைப் போட்டார். இது முதலில் விந்தையாகத் தோன்றும். ஆனால் எபிரேயர் ஒருவரையொருவர் காணும்போது ‘ஷாலோம்’ என்பர்; கிரேக்கர் கடிதத்தின் தலைப்பில் ‘கைரெயின்’ என்று எழுதுவர். யாக்கோபு திருமுகத்தின் முதல் வசனத்திலும் இந்த வாழ்த்து உண்டு. வணக்கத்துக்கு வணக்கம் என்று அவர் பெயர்த்தார் போலும். அவர் செய்த இன்னொரு மாற்றமே நமக்கு முதன்மையானது. கடல் உவமையில், ‘இளைப்பாற முடியாது’ என்பதை அவர் கடலின் மேல் ஏற்றாமல் நேரே அநியாயக்காரர் மேலேயே ஏற்றிவிட்டார். பொல்லாருக்கு ஓய்வில்லை என்னும் கருத்து எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது இங்கேதான் என்று கொள்ளலாம்.

எரோணிமுஸ் எபிரேயத்துக்குத் திரும்பிச் சென்றார். அவருடைய இலத்தீனில் அடங்க முடியாதது கொதிக்கும் கடல். பொல்லாருக்கு இல்லாதது அமைதி. இரண்டும் அவற்றின் இடங்களில் நிற்கின்றன. 1535இல், முழு விவிலியத்தையும் முதன்முதலாக ஆங்கிலத்தில் அச்சேற்றிய மைல்ஸ் கவர்டேலும் அவ்வாறே செய்தார். அகுஸ்தீனார் சபைத் துறவியாயிருந்து சீர்திருத்தத்தார் பக்கம் சென்றவர் அவர். எபிரேயத்தில் பெரும் புலமை உடையவர் அல்லர். இலத்தீன், ஜெர்மன் மொழிபெயர்ப்புகளைத் துணைக்கொண்டு உழைத்தவர். ஆனால் அவருடைய ஆங்கிலத்துக்கு நல்ல செவி இருந்தது. கடல் ஓய முடியாது என்பதற்கு அவர் இட்ட சொல் ‘ரெஸ்ட்’. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியமும் அதையே கொண்டது. இவ்வாறாக, ஆங்கில வாசகனின் கண் முன்னே, ‘ரெஸ்ட்’ ஒரு வசனத்திலும், ‘பீஸ்’ அடுத்த வசனத்திலும், ‘விக்கட்’ இரண்டிலும் நின்றன. நூல் மறைந்து நினைவு மட்டும் எஞ்சும்போது, கடலுக்கு உரிய சொல் நழுவி மனிதர் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் இன்றும் ‘பொல்லாருக்கு அமைதியில்லை’ என்றே சொல்வோர் உண்டு. மூலத்துக்கு அணுக்கமானது அவர்களுடைய வழக்கு.

திருவெளிப்பாடு 14ஆம் அதிகாரத்தில் விலங்கை வணங்குவோர்க்கு இரவும் பகலும் ஓய்வில்லை என்று வருவதும் இந்நழுவலுக்குத் துணைபுரிந்திருக்கும். மறையுரைகளில் நரகம் சற்றுத் தாராளமாகவே பேசப்பட்ட நூற்றாண்டுகள் அவை. இவ்விடத்தில் புனித அகுஸ்தீனாரின் ஓய்வற்ற இதயத்தையும் துணைக்கு அழைப்பது நம்மவர் வழக்கம். நான் அழைக்கப் போவதில்லை. அவர் பேசியது தேடுபவனின் தவிப்பு. எசாயா பேசுவது தேடாதவனின் நிலை.

இனி, அமெரிக்கரிடையே பெரிதும் வழங்கும் மற்றொரு வடிவம் உண்டு: ‘நோ ரெஸ்ட் ஃபார் த வியரி’. களைத்தோருக்கு ஓய்வில்லை என்பது பொருள். பொல்லார் போய்க் களைத்தோர் வந்துவிட்டனர். பழைய வழக்கின் சிதைவு என்றே இதைச் சொல்வர். ‘விக்கட்’, ‘வியரி’ என்னும் சொற்களின் ஓசையொப்புமையும், தம்மைப் பொல்லார் என்று வேடிக்கைக்குக்கூடச் சொல்ல விரும்பாத நாணமும் இம்மாற்றத்துக்குக் காரணமாகலாம். யோபு நூலின் 3ஆம் அதிகாரமும் நினைவில் கலந்திருக்கலாம்: பிறந்த நாளைச் சபிக்கும் யோபு, கல்லறையில் பொல்லாரின் தொல்லை ஒழியும், களைத்தோர் இளைப்பாறுவர் என்கிறார். ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் பொல்லார், களைத்தோர், ஓய்வு ஆகிய மூன்றையும் குறிக்கும் அதே மூன்று ஆங்கிலச் சொற்கள் அந்த ஒரே வசனத்தில் கூடி நிற்கின்றன. களைத்தோருக்கு ஓய்வில்லை என்பதற்கு நேரெதிரானது யோபின் நம்பிக்கை என்பது வேறு.

ஆயினும் இச்சிதைவு மூலத்தைவிட்டு விலகியதா, மூலத்தின் நெஞ்சை எட்டியதா என்பதே என் ஐயம். எசாயா 57ஐ அடுத்து 58ஆம் அதிகாரம் எதைப் பற்றியது? நோன்பைப் பற்றியது. நாங்கள் நோன்பிருந்தும் கடவுள் காணவில்லையே என்று மக்கள் முறையிடுகிறார்கள். இறைவாக்கினரின் மறுமொழி கூர்மையானது: நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தைத் தேடுகிறீர்கள், உங்கள் வேலையாள்களை எல்லாம் வாட்டுகிறீர்கள். பொல்லார் யார் என்ற வினாவுக்கு, அதிகாரத்தின் எண் மாறிய உடனேயே விடை கிடைத்துவிடுகிறது. பொல்லாருக்கு ஓய்வு உண்டு. அவர்களிடம் வேலை செய்பவர்களுக்குத்தான் இல்லை. 58ஆம் அதிகாரம் ஓய்வு நாளைப் பற்றிய வாக்குறுதியோடு முடிவது தற்செயல் அன்று.

ஓய்வு நாளுக்கு விவிலியம் இரு காரணங்கள் கூறுவதை நாம் மறந்துவிடுகிறோம். விடுதலைப் பயணம் 20இல், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது காரணம். இணைச் சட்டம் 5இல் படைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உன் அடிமையும் அடிமைப் பெண்ணும் உன்னைப் போலவே ஓய்வு பெற வேண்டும். எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்பதே அங்கே காரணம். மாடும் கழுதையும்கூடப் பட்டியலில் உண்டு. ஓய்வு என்பது தலைவன் தனக்கென எடுத்துக்கொள்வது அன்று, பிறருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது என்ற இச்சட்டத்தை, ஆலைகளின் நூற்றாண்டு எவ்வளவு தூரம் மறந்தது என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், தொழிலாளரின் ஞாயிறு ஓய்வை முதலாளியின் தயவாக அன்றி உரிமையாகவே பேச வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டமும் திருத்தப்பட்டு, வாரம் ஒருநாள் விடுமுறை என்பது சட்டத்தில் ஏறிற்று.

தமிழில் ஓய்வைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய இரு சொற்களை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஓய்வு என்பது ஓய்தல், அதாவது நின்றுபோதல். எபிரேயத்தின் ‘சபத்’ என்பதன் வேர்ப்பொருளும் அதுவே. செய்துகொண்டிருப்பவன் எவனும் ஓயலாம். மற்றொன்று இளைப்பாற்றி. இறந்தோருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள வேண்டும் என்று தலைமுறைகளாக மன்றாடி வருகிறோம். இளைப்பு ஆறுவதே இளைப்பாற்றி. இளைத்தவனுக்கே அது உண்டு. பிறரை இளைக்கச் செய்து தான் இளைக்காதவனுக்கு ஆறுவதற்கு என்ன இருக்கிறது? ஆங்கிலத்தின் ‘ரெஸ்ட்’ இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு வழி.

களைத்தோருக்கு ஓய்வில்லை என்பதற்கு விவிலியத்தில் நேரான இடம் ஒன்றும் உண்டு. அதை ஆங்கில அகராதிகள் சுட்டக் கண்டதில்லை. புலம்பல் நூலின் கடைசி அதிகாரம், எருசலேம் அழிந்தபின் அங்கே எஞ்சியிருந்தவர்களின் மன்றாட்டு. எங்கள் தண்ணீரையே காசு கொடுத்துக் குடிக்கிறோம், எங்கள் விறகையே விலை கொடுத்து வாங்குகிறோம் என்று முறையிடும் அவர்கள், அடுத்த வசனத்தில் தங்கள் கழுத்தின்மேல் ஏறியிருக்கும் ஒடுக்குமுறையைச் சொல்லி, களைத்துப்போனோம், ஓய்வு தரப்படவில்லை என்கிறார்கள். எரோணிமுஸின் இலத்தீனில் இது ‘களைத்தோருக்கு ஓய்வு கொடுக்கப்படவில்லை’ என்னும் மூன்றாம் ஆள் கூற்றாகவே அமைந்துவிட்டது. அமெரிக்கரின் வேடிக்கைச் சொல் அப்படியே, ஆனால் வேடிக்கையின்றி. ‘கொடுக்கப்படவில்லை’ என்ற சொல்லில், கொடுக்க வேண்டியவன் ஒருவன் இருந்தும் கொடாதது தெரிகிறது.

அவ்வசனம் ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. உரோமைத் திருவழிபாட்டில், புனித வாரத்தின் ‘இருள் வழிபாடு’ எனப்பட்ட மன்றாட்டில், புனித சனிக்குரிய மூன்றாம் வாசகமாக இப்பகுதி இசையோடு பாடப்பட்டு வந்தது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைச் சீர்திருத்தும் வரையில், இது முந்தைய நாளாகிய பெரிய வெள்ளியின் மாலையிலேயே நடைபெற்றது. பீடத்தருகே முக்கோணத் தண்டில் 15 மெழுகுதிரிகள் எரியும். திருப்பாடல் ஒவ்வொன்றும் முடிய ஒன்றாக அணைப்பர். மூன்று திருப்பாடல்கள் முடிந்து மூன்று திரிகள் அணைந்திருக்கும் நேரத்தில் பாடகர் எழுந்து எரேமியாவின் மன்றாட்டைத் தொடங்குவார். தண்ணீர், விறகு, கழுத்து, களைப்பு என்று அது வரிசையாக இறங்கிச் செல்லும்.